நாயகனுக்குச் சம்பளம் எவ்வளவு?

நாவல் படிக்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாயகன் என்ன வேலை பார்க்கிறான், மாதம் எவ்வளவு வாங்குகிறான், வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே போவேன். ஐம்பது பக்கம் தாண்டியும் அது தெரியவில்லை என்றால் அந்த ஆள் மேல் நம்பிக்கை போய்விடும். கடற்கரையில் நின்று வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறான், சரி. அன்றைக்கு வேலை நாளா, லீவு போட்டானா?

தொழில் தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டில் ஒரு நூல் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பேரேட்டில் தொடங்கி, டேலிக்கு மாறி, இப்போது மாதா மாதம் இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்னோடு மல்லுக்கட்டுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும்தான் படிப்பு. புத்தகத்துக்குள் கிழித்த பில் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். படித்துக்கொண்டு போகும்போது ரூபாய் வரும் இடமெல்லாம் பக்க எண்ணோடு அதில் ஏறும். நூலகப் புத்தகத்தில் பென்சில் வைக்கக் கூடாது என்பதால் வந்த ஏற்பாடு இது. எனக்கு முன்னால் படித்தவர்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஒரு புண்ணியவான் ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் ‘அருமை’ என்று நீல மையில் எழுதி வைத்திருந்தார். எது அருமை என்று எழுதியிருந்தால் உபகாரமாக இருந்திருக்கும்.

கடந்த ஆகஸ்ட் புத்தகத் திருவிழாவில் வாங்கியதும் நூலகத்தில் எடுத்ததுமாகக் கொஞ்சம் நாவல், கொஞ்சம் தன்வரலாறு என்று மாற்றி மாற்றிப் படித்தேன். எதுவும் புது வெளியீடு இல்லை. புதுசாக வரும் புத்தகத்தைப் பத்து வருஷம் கழித்துப் படிப்பதுதான் என் வேகம்.

முதலில் ப.சிங்காரம். ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டையும் சேர்த்தே படித்தேன். மனுஷர் எழுதியது இந்த இரண்டு நாவல்கள்தான். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் சுமத்ராவில் மேடான் நகரத்துக்கு வேலைக்குப் போய், யுத்தத்தை அங்கேயே பார்த்து, 1946இல் திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். முதல் நாவல் 1959இல் புத்தகமானது, இரண்டாவது 1972இல். இலக்கியக் கூட்டம், மேடை என்று எதற்கும் போகாமல் மதுரை ஒய்.எம்.சி.ஏ.வில் ஓர் அறையில் பல வருஷம் தனியாகவே இருந்தார்.

‘புயலிலே ஒரு தோணி’யை எல்லோரும் புயலுக்காகவும் யுத்தத்துக்காகவும் புகழ்கிறார்கள். புகழட்டும், அந்தக் கடல் பயணம் தமிழில் வேறு யாரும் எழுதாதது. தொங்கான் என்ற பாய்மரச் சரக்குக் கப்பலில் சரக்கோடு சரக்காகப் பினாங்குக்குப் போகிற கூட்டம், வானம் இருண்டு வருவது, கப்பித்தானின் கத்தல், வாந்தி, சாமி பெயர்கள். படித்துக்கொண்டிருந்தபோது நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. ஆனால் என் பில் துண்டு நிறைந்தது வேறு இடங்களில். ஜப்பான்காரன் மேடானுக்குள் நுழைகிறான், ஊர் கொள்ளை போகிறது, கொள்ளையடித்தவர்களின் தலைகளை வெட்டிக் கடைத்தெருவில் மேசை மேல் வைக்கிறார்கள். அதற்கு நடுவிலேயே எந்தச் சரக்கு என்ன விலைக்குக் கிடைக்கும், எந்த நோட்டு செல்லும், எதை இப்போது வாங்கிப் போட்டால் பின்னால் லாபம் என்று தமிழ் ஆட்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கெட்டவர்களாகக் காட்ட வேண்டும் என்று சிங்காரம் எங்கேயும் மெனக்கெடவில்லை. அடுத்த வேளை சோற்றுக்கு வழி பார்ப்பவன் அப்படித்தான் யோசிப்பான்.

அங்கே தமிழர்கள் நடத்திய வட்டிக்கடை அமைப்பை இவர் சொல்லும் விதம் எனக்குப் பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. மேலே முதலாளி ஊரில் இருப்பார். கடைக்கு மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். ஒரே கிட்டங்கியில், அதாவது நீளக் கட்டடத்தில், பல மார்க்காக் கடைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொருவனுக்கும் ஒரு சாய்ப்புப் பெட்டி. பகலில் அதுதான் அலுவலகம், ராத்திரி அதன் பக்கத்திலேயே பாய். மூன்று வருஷத் தவணைக்கு வந்தவன் அது முடிந்தால்தான் ஊர்ப் பக்கம் திரும்பலாம். கல்யாணம், பிள்ளை, அப்பா சாவு எல்லாமே இந்த மூன்று வருஷக் கணக்குக்குள் அடங்கியாக வேண்டும். பெட்டியடிப் பையனாக வந்தவன் குறிப்பு எழுதி, பேரேடு எழுதி, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போடக் கற்று மேலாளாக வளர்கிற பாதை அங்கே வந்துபோகும் ஆட்களின் பேச்சிலேயே கிடைத்துவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஐந்தொகை சொல்லிக்கொடுத்த பெரியவர் செட்டிநாட்டுப் பக்கம்தான். கூட்டல் தப்பினால் தலை நிமிராமலே “திருப்பிப் போடும்மா” என்பார். இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது அந்தக் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு அதிகம் பிடித்தது, யாரும் அவ்வளவாகப் பேசாத ‘கடலுக்கு அப்பால்’தான். பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளை லேவாதேவிக் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் வேலை பார்த்த செல்லையா இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறான். அவனுக்கும் அவர் பெண் மரகதத்துக்கும் பிரியம். கொடுக்க மாட்டேன் என்கிறார். சாதியோ ஏழ்மையோ அவருக்குப் பிரச்சினை இல்லை. துப்பாக்கி பிடித்த கை இனி வட்டிக்கடைக்கு ஆகாது, அவ்வளவுதான். சண்டைக்குப் போய் வந்தவனுக்கு நிமிர்வு வந்துவிடும், நிமிர்வு வந்தவன் கடன்காரன் வீட்டு வாசலில் பணிவாக நிற்க மாட்டான், பேச்சில் சூடு வந்துவிடும், வசூல் கெடும். தமிழ் சினிமா அறுபது வருஷமாகக் காதலுக்குக் குறுக்கே நிறுத்தாத காரணம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால், இதோ இருக்கிறது. அதிலும் மோசம், அந்தக் கிழவர் சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் கடையிலும் வசூலுக்குப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலாளி பார்ப்பது இதைத்தான்.

குறையும் சொல்ல வேண்டும். ‘புயலிலே’வில் பெண்கள் வரும் இடங்களில் எனக்குப் பொறுமை போய்விட்டது. தாசி, அல்லது ஆண்கள் குடித்துவிட்டு நினைத்துக்கொள்ளும் பழைய முகம். இத்தனை நுட்பமாக ஒரு கடையைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தக் கடைக்காரன் வீட்டு அடுப்படி தெரியாமல் போயிருக்கிறது. மதுபானக் கடையில் உட்கார்ந்து தமிழ்ப் பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் பகுதிகள் நல்ல வேடிக்கை. ஆனால் கொஞ்சம் நீளம். குடித்தவர்கள் பேச்சு, பக்கத்தில் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு எப்போதுமே கொஞ்சம் நீளம்தான்.

அடுத்தது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. தடிமனைப் பார்த்தே பயந்து பல வருஷம் தள்ளிப் போட்ட புத்தகம். தமிழ்த் தாத்தா, ஓலைச்சுவடி, கரையான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது போதும் என்று இருந்தேன். படித்த பிறகு சொல்கிறேன், தமிழில் பணத்தைப் பற்றி இவ்வளவு கூச்சம் இல்லாமல் எழுதிய தன்வரலாறு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பொதுவாகப் பெரியவர்கள் தன்வரலாறு எழுதினால் பணம் மட்டும் மாயமாகிவிடும். ஊர் ஊராகப் போவார்கள், ரயில் டிக்கெட்டை யார் எடுத்தார்கள் என்று இருக்காது. சிறைக்குப் போவார்கள், அந்த மாதங்களில் வீட்டில் அரிசி எப்படி வந்தது என்று இருக்காது. ஐயர் அப்படி இல்லை. அவருடைய அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதம் தெரிந்தவர், ராமாயணம் பாடிப் பிரசங்கம் செய்கிறவர். நிலையான வருமானம் கிடையாது. பிழைப்புக்காகக் குடும்பம் அரியலூர், குன்னம் என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆதரிக்கிறவர்கள் நெல்லாகவும் பருப்பாகவும் கொடுக்கிறார்கள். எந்த ஊரில் யார் என்ன கொடுத்தார்கள் என்பதை எண்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து நன்றியோடு எழுதுகிறார். பற்று வரவு வைத்திருக்கிறார் என்றே சொல்லலாம். ஒரே வித்தியாசம், இவருடைய ஏட்டில் தான் கொடுத்தது அதிகம் ஏறுவதில்லை, வாங்கியது ஒன்று விடாமல் ஏறுகிறது.

ஐயரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரும் பகுதிகள் உயிர். ஊர் ஊருக்குத் தலபுராணம் பாடிக் கொடுக்கிறார். சம்மானம் வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. மாணவர்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுகிறார். கடன் அவரை விட்டு விலகவே இல்லை. அத்தனை பெரிய கவிஞர் மறுநாள் செலவுக்கு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே விருத்தம் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே திண்ணையில் நடந்ததை ஐயர் மறைக்கவில்லை, பெரிதுபடுத்தவும் இல்லை.

ஐயருடைய கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடனை அடைக்க வழி இல்லை. அப்பா சொன்னபடி பாடத்தை நிறுத்திவிட்டு, காரை என்ற ஊருக்குப் போய்த் திருவிளையாடற் புராணம் படித்துப் பொருள் விளக்குகிறார். மனசெல்லாம் ஆசிரியரிடம். எவ்வளவு சீக்கிரம் புராணம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் திரும்பலாம். கடன் அடைக்க வேலைக்குப் போய், படிப்பை விட்டுவிட்டு, மாதக் கணக்கை எண்ணிக்கொண்டிருக்கும் பையன்கள் எங்கள் கடைக் குடோனிலேயே இருக்கிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கும்பகோணத்துப் பக்கத்துப் பையன் சட்டென்று தெரிந்தவனாகிவிட்டான்.

இன்னொரு இடம். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொள்ளப் போகிறார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய அதே பாரதியார். ஆசிரியர் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார். அதிகம் புலம்பாமல் மேலே போய்விடுகிறார். நான்தான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த அப்பா மகன் பெரிய சங்கீத வித்துவான் ஆவான் என்று நினைத்திருப்பார் இல்லையா?

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் தம் இடத்தை ஐயருக்கு வாங்கித் தருகிறார். மாதம் ஐம்பது ரூபாய். அதே வருஷம் சேலம் இராமசுவாமி முதலியார் அங்கே முன்சீபாக வருகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியாரோ இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இந்த இடம் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கு அப்புறம் இருப்பதுதான் பாடப் புத்தகத்தில் இல்லை. சிந்தாமணியை அச்சுப் போடக் காசு எங்கே? தெரிந்தவர்கள், செல்வர்கள், பதவியில் இருப்பவர்கள் என்று தேடிப் போய்க் கையொப்பம் வாங்குகிறார். புத்தகம் வருவதற்கு முன்பே பணத்துக்கு ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. காகிதம் வாங்க வேண்டும், அச்சுக்கூலி கொடுக்க வேண்டும், லீவு நாளில் சென்னைக்குப் போய்த் திருத்தப்படி பார்க்க வேண்டும். 1887இல் புத்தகம் வெளிவருகிறது. அந்தப் பக்கங்களை ஒரு வியாபாரி படிப்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். சுவடியை மீட்டது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஐம்பது ரூபாய்ச் சம்பளக்காரர் அச்சுக்கூடத்துக்காரனுக்குத் தவணை சொல்லிச் சமாளித்தாரே, அதுவும் சின்னக் காரியம் இல்லை.

குடோன் பையன் ஒருநாள் என் மேசையில் இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து, “இத்தனை படிச்சு என்னங்கக்கா பண்றது?” என்றான். அதே கேள்வியை ஒரு முன்சீப்பும் கேட்டிருக்கிறார் என்றேன். அவனுக்கு முன்சீப் என்றால் கோர்ட் ஞாபகம்தான் வந்தது. “கேஸாயிருச்சுங்களா?” என்றான்.

ஐயர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆசிரியர்கள், ஆதீனகர்த்தர்கள், ஜமீன்தார்கள், சுவடி கொடுத்தவர்கள், கொடுக்க மறுத்தவர்கள் எல்லோரும் கண் முன்னால் நடமாடுகிறார்கள். மனைவி எங்கேயோ ஓரமாக வந்து போகிறார். வீட்டுச் சுவடிக் குப்பைக்கு நடுவில் அடுப்பு எரித்தவருக்கு ஓர் அத்தியாயம் கொடுத்திருக்கலாம். 1940இலிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்துகொண்டிருந்தது. 1942இல் அவர் காலமானதும் அப்படியே நின்றுவிட்டது, கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற இடத்திலேயே. இன்னும் இரண்டு வருஷம் கிடைத்திருந்தால் எழுதியிருப்பாரோ என்று கேட்டால், மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ பற்றிச் சுருக்கமாக. தூத்துக்குடி உப்பளங்கள், 1979இல் வந்த நாவல். இவருடைய வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதுகிற இடத்துக்குப் போய், தங்கி, கேட்டு, குறித்துக்கொண்டு எழுதுவார். அளத்து வேலையைக் கண்ணால் பார்த்த கை தெரிகிறது. பாத்தி, வாருபலகை, அம்பாரம், உப்பு தின்ற கால்கள், வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண்கள், குடிக்கத் தண்ணீர் இல்லாமை. பெண்ணுக்குக் கூலி குறைவு, அதையும் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்குள் கணக்குப்பிள்ளையின் பார்வையையும் கையையும் தாண்ட வேண்டும். கணக்குப்பிள்ளை என்று வரும் இடத்திலெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கூலிப் புத்தகம் எழுதுகிறவர் பேனாவில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். பொன்னாச்சி நன்றாக நிற்கிறாள். ராமசாமி நல்லவன், நல்லவனாக மட்டுமே இருக்கிறான். பின்பாதியில் எல்லோரும் மேடையில் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். முன்பாதிக்காகப் படிக்கலாம்.

இவ்வளவு பேர் கூலியை எண்ணிப் பார்த்தவரின் கடைசிக் காலம் முதியோர் இல்லத்திலும் ஆஸ்பத்திரியிலும் கழிந்தது என்பது புத்தகத்தோடு சேர்ந்து நினைவுக்கு வருகிறது. உயிரோடு இருக்கும்போதே அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. 2014இல் இறந்தார். சாகித்திய அகாதெமி வாங்கிய எழுத்தாளருக்கே இப்படி என்றால், என்று தொடங்கினால் இந்தப் பதிவு வேறு எங்கேயோ போய்விடும்.

பாமாவின் தலித் தன்வரலாறு ‘கருக்கு’ என் பில் துண்டைத் திணற வைத்த புத்தகம். சின்னப் புத்தகம்தான், 1992இல் வந்தது. தேடினால் ரூபாய் அதிகம் வராது. ஏனென்றால் பாட்டிமார் வேலை பார்த்த வீடுகளில் கூலியின் ஒரு பாகம் பழஞ்சோறாகவே வந்தது. பாட்டி பாத்திரத்தைச் சாக்கடைப் பக்கம் வைக்கிறார், அந்த வீட்டு அம்மா எட்ட நின்று, படாமல், அதில் சரிக்கிறார். பாட்டி அதை அமிர்தம்போல் வீட்டுக்குக் கொண்டு வருகிறார். அப்புறம் அந்த வடைப் பொட்டலம். பெரியவர் ஒருவர் பொட்டலத்தின் கயிற்று முனையை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு. அண்ணன் சொன்ன பிறகுதான் அதன் காரணம் தீண்டாமை என்று தெரிகிறது, சிரிப்பு நின்றுபோகிறது. இதெல்லாம் நிறையப் பேர் மேற்கோள் காட்டியது.

அதிகம் பேசப்படாதது மடத்துப் பகுதி. பாமா ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் இருக்கும் வீட்டில் சாப்பாட்டுக்கும் வசதிக்கும் ஒரு குறையும் இல்லை. வேலை பார்ப்பதோ பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில். தன் அம்மா இப்போது காட்டில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தபடி அந்தச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் வெளியே வருகிறார். வேலை இல்லை, கையில் காசு இல்லை, வயது போய்விட்டது, பழகிய சொகுசும் போய்விட்டது. வெளியே வந்த பிறகு தனக்கு ஏற்பட்ட பயத்தை அவர் எழுதியிருப்பதுபோல் எழுத நெஞ்சுரம் வேண்டும். கொள்கைக்காக வேலையை விட்டவர்கள் எழுதுவதில் வழக்கமாக அந்த முதல் மாதம் இருக்காது.

திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ‘நான் வித்யா’வையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். மொழியியலில் முதுகலை படித்தவர், புனேயில் ரயில் பெட்டிகளில் கை நீட்டிக் காசு சேர்க்கிறார், அறுவைச் சிகிச்சைக்காக. படித்த பட்டத்துக்கும் கையில் விழும் ஒற்றை ரூபாய்க்கும் நடுவில் அவர் எந்த அலங்காரமும் வைக்கவில்லை. ஒரு நாள் வசூல், அதில் கொடுக்க வேண்டியது, மிச்சம், அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் எவ்வளவு. தன் உடம்பைத் தனதாக்கிக்கொள்ளச் சில்லறை சேர்த்த கதை. பின்னால் மதுரையில் வேலை கிடைத்து மேசைக்கு முன்னால் உட்காரும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடை சில இடங்களில் செய்தித்தாள் கட்டுரைபோல் ஓடுகிறது. இருக்கட்டும்.

இனி இமையத்தின் ‘செல்லாத பணம்’. சிங்காரத்தின் ஆட்கள் கையில் ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமானது. இமையம் சொல்லும் செல்லாத பணம் வேறு மாதிரி. ரிசர்வ் வங்கி நோட்டுதான், பையில் கட்டுக் கட்டாக இருக்கிறது.

நடேசன் தலைமையாசிரியர். நல்ல சம்பளம், சொந்த வீடு, நல்ல பெயர். மகள் ரேவதி பொறியியல் படித்தவள். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், ஆட்டோ ஓட்டும் ரவியைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். கட்டிக்கொடுத்துவிட்டுக் கைகழுவுகிறார்கள். சில வருஷம் கழித்து நெருப்புக் காயத்தோடு அவளைப் புதுச்சேரி ஜிப்மரில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வருகிறது. நாவலின் பெரும் பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில். உள்ளே போவதற்கு ஆள் மாற்றி ஆள் காத்திருப்பது, உள்ளே இருந்து வருபவரின் முகத்தைப் பார்ப்பது, அவளாக வைத்துக்கொண்டாளா, அவன் வைத்தானா என்று மாற்றி மாற்றிக் கேட்பது, நடுவில் வேறொரு பெண்ணை இதே காயத்தோடு கொண்டு வருவது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்கிறோம், சென்னைக்குக் கொண்டு போகட்டுமா, வெளியூரிலிருந்து டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்கிறார்கள். டாக்டர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி தங்கியவர்களுக்கு இந்தப் பக்கங்கள் தெரியும். டீ வாங்கப் போவது, போனை சார்ஜ் போட இடம் தேடுவது, பக்கத்தில் காத்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் குடும்ப ரகசியத்தைச் சொல்லிவிடுவது. ரேவதியின் அம்மா அமராவதி அழும் இடங்களைவிட அவள் அழாமல் உட்கார்ந்திருக்கும் இடங்கள் கனமாக இருந்தன. எனக்குப் பிடித்தது, ரவிக்கும் வாய் கொடுத்திருக்கிறார். இவ்வளவு நேரம் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த ஆள் பேசத் தொடங்கியதும், அவன் செய்ததை மன்னிக்காமலே அவன் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கிறது. மாமனார் வீட்டில் தன்னை ஒரு தடவைகூட உட்காரச் சொல்லாதவர்கள் இன்றைக்குப் பணத்தோடு வந்து நிற்கிறார்கள் என்ற அவனுடைய ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. அது அவளைக் காப்பாற்றப் போவதில்லை என்பது வேறு. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு இதற்குக் கொடுத்தார்கள். நான் படித்த பரிசு நாவல்களில் ‘இதற்குக் கொடுத்தது சரி’ என்று உடனே தோன்றியவை ரொம்பக் கொஞ்சம், இது அதில் ஒன்று. பேச்சு ஒன்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்று என் தோழி பாதியில் வைத்துவிட்டாள். துக்க வீட்டில் வேறு எப்படிப் பேசுவார்கள்?

என் சம்பளக் கணக்கு எடுபடாமல் போன ஒரு புத்தகத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்.வி.வெங்கட்ராமின் ‘காதுகள்’. கும்பகோணத்துக்காரர், பட்டு ஜரிகை வியாபாரக் குடும்பம், வியாபாரத்திலும் பத்திரிகை நடத்தியும் நொடித்தவர். தன் காதுக்குள் வருஷக்கணக்காகக் கேட்ட குரல்களை மகாலிங்கம் என்ற பாத்திரத்தின் மேல் ஏற்றி நாவலாக்கினார். நாவலா, தன்வரலாறா என்றால் இரண்டும்தான். வியாபாரம் இறங்குவது வருகிறது, வறுமை வருகிறது. ஆனால் நான் துண்டை எடுத்துக் குறிக்கவே மறந்துவிட்டேன். அந்தக் குரல்கள் ஆபாசமாகவும் வேடிக்கையாகவும் பயங்கரமாகவும் பேசிக்கொண்டே இருக்கின்றன, மனுஷர் முருகனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், குடும்பம் பக்கத்திலேயே இருக்கிறது, யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. இரண்டே நாளில் முடித்துவிட்டு இரண்டு ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். பிடித்ததா என்று கேட்டால் பதில் இல்லை. திரும்பப் படிக்க மாட்டேன், யாருக்கும் இரவல் கொடுக்கவும் மாட்டேன்.

அடுத்து ஜோ டி குரூஸின் ‘கொற்கை’யை எடுத்து வைத்திருக்கிறேன். தூத்துக்குடி, தோணி, துறைமுகம், சரக்கு. ஆயிரம் பக்கத்துக்கு மேல். கப்பல் வியாபாரம் என்பதால் பில் துண்டு ஒன்று போதாது, ஒரு பழைய ரசீது புத்தகத்தின் பின்பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். இருபதாம் தேதி ரிட்டர்ன் போய்ச் சேரட்டும், அப்புறம்தான் திறக்க வேண்டும்.